ஈர விறகும் இரும்புக் குண்டும்

அளவை வழிகள் – 11

2002-ஆம் ஆண்டு புது தில்லியில் இந்தியத் தத்துவ ஆராய்ச்சிக் குழு ஓர் ஆங்கில நூலை வெளியிட்டது. பதினான்காம் நூற்றாண்டு மிதிலைக்காரரான கங்கேசர், தம் ‘தத்துவ சிந்தாமணி’யில் ‘உபாதி’ என்ற ஒன்றைப் பற்றி எழுதிய பகுதியின் மொழிபெயர்ப்பும் விளக்கமும்தான் அந்த நூல். தருக்கம் படிப்பவர்களைத் தவிர வேறு யாரும் தேடிப்போய் வாங்கும் சரக்கு அல்ல. ஆனால் நம் தொடருக்கு அந்த அட்டை முக்கியம். அதில் ஆசிரியர் பெயர் இரண்டு. ஒருவர் ஸ்டீஃபன் பிலிப்ஸ், ஆஸ்டின் நகரத்து டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் தத்துவப் பேராசிரியர். இன்னொருவர் என்.எஸ். ராமானுஜ தாத்தாச்சாரியார். திருப்பதி சமஸ்கிருத வித்யாபீடத்தில் நியாயம் என்ற தருக்க சாஸ்திரத்தைச் சொல்லிக்கொடுத்து, பின்னாளில் அதற்கே துணைவேந்தராக இருந்தவர்.

சென்ற வாரம் டேனியல் இங்கால்ஸைப் பார்த்தோம். ஹார்வர்டில் குவைனிடம் குறியீட்டுத் தருக்கம் பயின்றுவிட்டு, 1941-இல் கல்கத்தாவுக்கு வந்து காளிபத தர்க்காசாரியரிடம் நவ்ய நியாயம், அதாவது கங்கேசர் வழிவந்த புதிய நியாயம், கேட்டவர். போர் முடிந்து 1951-இல் அவர் வெளியிட்ட மெல்லிய நூல்தான், ஃப்ரேகேயையும் ரஸ்ஸலையும் படித்தவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இந்தியப் பண்டிதர்களிடம் இருக்கிறது என்று வெளியுலகுக்குச் சொன்னது. அந்த நூலில் குருநாதருக்குக் கிடைத்தது முன்னுரையில் நன்றி. அரை நூற்றாண்டு கழித்துப் பண்டிதரின் பெயர் அட்டைக்கே வந்துவிட்டது. காலம் மாறிவிட்டது, மரியாதை தெரிந்த அமெரிக்கர் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். எனக்கு அது போதவில்லை. உபாதியைப் பற்றிய அந்தப் பகுதியை ஒருவர் தனியாக உட்கார்ந்து படிக்கவே முடியாது என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

ஆளைப் பற்றி முதலில். தமிழ் வாசகர்களுக்கு ராமானுஜ தாத்தாச்சாரியார் என்றதும் நக்கீரனில் எழுதிய அக்னிஹோத்ரம் நினைவுக்கு வருவார். அவர் வேறு, இவர் வேறு. இவர் 1928-இல் நாவல்பாக்கத்தில் பிறந்தவர். இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்துச் சிற்றூர்; சாஸ்திரப் பண்டிதர்களைத் தலைமுறை தலைமுறையாகத் தந்த ஊர். 1911-இல் சித்தூர் தனி மாவட்டம் ஆகும்வரை திருப்பதியும் நாவல்பாக்கம் வட்டாரமும் வட ஆற்காடு என்ற ஒரே மாவட்டத்துக்குள்தான் இருந்தன. 1953-இல் மாநில எல்லை நடுவே வந்ததை வைத்து ‘ஆந்திராவுக்குப் போன தமிழ்ப் பண்டிதர்’ என்று எழுதினால் அது பிற்காலத்து வரைபடத்தைக் கொண்டு பழைய பாதையை அளப்பது. நாவல்பாக்கத்துக்காரருக்குத் திருப்பதி என்றுமே வெளியூர் இல்லை.

திருப்பதிக்குப் போகிற நம்மவர்களில் பெரும்பாலோர் மலையைப் பார்த்தபடியே போய், லட்டோடு திரும்பிவிடுகிறோம். கீழே ஊருக்குள் சமஸ்கிருதப் பல்கலைக்கழகம் ஒன்று இருப்பது பலருக்குத் தெரியாது. 1956-இல் சுநீதி குமார் சட்டர்ஜி தலைமையில் மத்திய அரசு அமைத்த சமஸ்கிருத ஆணையத்தின் பரிந்துரையைத் தொடர்ந்து, அறுபதுகளின் தொடக்கத்தில் பிறந்த நிறுவனம் அது. அப்போது கேந்திரீய சமஸ்கிருத வித்யாபீடம். 1987-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம். 2020-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேசிய சமஸ்கிருதப் பல்கலைக்கழகம்.

அங்கிருந்து எழுபதுகளின் தொடக்கத்தில் தத்துவ சிந்தாமணியின் பிரத்யட்ச கண்டம் (புலனறிவு பற்றிய பகுதி) தாத்தாச்சாரியாரின் பதிப்பாக வெளிவந்தது. அனுமானம் பற்றிய அனுமான கண்டம் பின்னால் வந்தது. பதிப்பு என்றால் மூலத்தை மட்டும் அச்சிட்டது அல்ல. கங்கேசரின் மூலம், அதற்கு மிதிலை ருசிதத்தரின் ‘பிரகாசம்’ என்ற உரை, அந்த உரைக்குத் தர்மராஜாத்வரி எழுதிய ‘தர்க்க சூடாமணி’, அவர் மகன் ராமகிருஷ்ணாத்வரி எழுதிய ‘நியாய சிகாமணி’. தந்தையும் மகனும் தஞ்சைச் சீமையின் கண்டரமாணிக்கத்துக்காரர்கள், பதினேழாம் நூற்றாண்டு. வேதாந்தம் படிக்கிற எவரும் தொடாமல் தாண்ட முடியாத ‘வேதாந்த பரிபாஷை’யை எழுதியவர் இதே தர்மராஜர்தான். அந்த நூலின் தொடக்கத்திலேயே அவர் தம்மைப் பற்றிக் கொஞ்சம் பெருமை பேசிக்கொள்கிறார்: சிந்தாமணிக்குத் தாம் எழுதிய உரை, அதற்கு முன்னிருந்த பத்து உரைகளை முறித்துப்போட்டது என்று. காவிரிக் கரையில் உட்கார்ந்துகொண்டு மிதிலையோடு வம்புக்குப் போயிருக்கிறார்! தருக்கத்தில் ஊர் விட்டு ஊர், நாடு விட்டு நாடு நடக்கும் உரையாடலை இருபதாம் நூற்றாண்டு ஏதோ புதிதாகக் கண்டுபிடித்துவிடவில்லை.

இனி உபாதி.

மலையில் புகை தெரிகிறது, ஆகவே அங்கே தீ இருக்கிறது. எல்லா நியாய வகுப்புகளும் இங்கேதான் தொடங்கும். அன்னம்பட்டரின் ‘தர்க்க சங்கிரகம்’ கையில் இருக்கும் முதல் ஆண்டு மாணவனுக்கும் இது பாடம். புகை எங்கெல்லாமோ அங்கெல்லாம் தீ என்ற மாறாத் தொடர்புக்கு வியாப்தி என்று பெயர். சரி, திருப்பிப் போட்டால்? தீ எங்கெல்லாமோ அங்கெல்லாம் புகையா? அடுப்படியை மட்டும் பார்த்து வளர்ந்தவன் ஆமாம் என்பான். கொல்லன் உலையில் பழுக்கக் காய்ச்சிய இரும்புக் குண்டைப் பார்த்தவன் இல்லை என்பான். குண்டில் தீ இருக்கிறது, புகை இல்லை.

எதிர் உதாரணம் கிடைத்ததும் நம் பள்ளிக் கணக்கு வாத்தியார் சாக்பீஸைக் கீழே வைத்துவிடுவார். கூற்று தவறு, முடிந்தது. நியாயக்காரர் அங்கேதான் தொடங்குகிறார். ஏன் தவறிற்று? அடுப்பில் தீயோடு வேறொன்றும் கூடவே இருந்தது: ஈர விறகு. புகை இருக்கும் இடமெல்லாம் ஈர விறகின் சேர்க்கை இருக்கிறது. ஆனால் தீ இருக்கும் இடமெல்லாம் அது இல்லை. நிறுவ வேண்டியதை (சாத்தியத்தை) முழுக்கத் தழுவி, நிறுவப் பயன்படுத்தும் காரணத்தை (ஹேதுவை) முழுக்கத் தழுவாமல் நிற்கும் இந்த மூன்றாவது பொருள்தான் உபாதி. தீ தன் பலத்தால் புகையைக் காட்டவில்லை. ஈர விறகின் பலத்தை இரவல் வாங்கிக் காட்டியது.

இன்னொரு பழைய உதாரணம் எனக்கு இதைவிடப் பிடிக்கும். மித்ரை என்று ஒருத்தி. அவளுக்கு இதுவரை பிறந்த பிள்ளைகள் எல்லோரும் கறுப்பு. இப்போது வயிற்றில் இருக்கும் பிள்ளையும் கறுப்பாகத்தான் இருக்கும், ஏனென்றால் அதுவும் மித்ரையின் பிள்ளை. இந்த வாதத்துக்கு எதிர் உதாரணம் காட்ட முடியாது. சிவப்பாக ஒரு பிள்ளையும் பிறந்திருக்கவில்லை. ஆனாலும் நியாயக்காரர் தலையாட்ட மாட்டார். அவள் முந்தைய பேறுகளின்போதெல்லாம் கீரையாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாளோ என்னவோ, இந்த முறை சாப்பாடு மாறியிருந்தால்? கீரை நிறத்தைத் தீர்மானிக்கும் என்ற வைத்தியம் நமக்கு வேண்டாம். வாதத்தின் அமைப்பைப் பாருங்கள். உபாதி நிரூபிக்கப்படக்கூட வேண்டாம், நியாயமான சந்தேகமாக எழுந்தாலே போதும், அனுமானம் நின்றுவிடுகிறது. நிச்சயமான உபாதி, சந்தேகமான உபாதி என்று இரண்டாகவே பிரித்து வைத்திருக்கிறார்கள். புள்ளிவிவரம் படித்தவர்கள் குழப்பும் மாறி என்று சொல்வதை இதில் அடையாளம் கண்டுகொள்வார்கள்.

பிலிப்ஸ் இந்தக் கருத்துக்கு ஆங்கிலத்தில் தேர்ந்த பெயர் அடியை அறுக்கும் நிபந்தனை என்ற பொருளில் அமைந்தது. அந்தச் சொல்லாட்சி ஜான் பாலக் என்ற அமெரிக்க அறிவாய்வாளர் பழக்கத்துக்குக் கொண்டுவந்தது. ஒரு முடிவுக்கு எதிராக நேரடிச் சான்று காட்டுவது ஒருவகை; முடிவையும் காரணத்தையும் இணைக்கும் பாலத்தையே சந்தேகத்துக்கு உள்ளாக்குவது வேறுவகை என்று பாலக் பிரித்தார். 1980-இல் ரேமண்ட் ரைட்டர் இயல்புநிலைத் தருக்கம் பற்றிய கட்டுரையை வெளியிட்டதிலிருந்து, புதிய தகவல் வந்தால் பழைய முடிவைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும் தருக்கங்கள் கணினி அறிவியலில் தனித் துறையாகவே வளர்ந்தன. சாதாரணக் கணிதத் தருக்கத்தில் இதற்கு இடமில்லை. அங்கே ஒருமுறை நிறுவியது நிறுவியதுதான்; கூடுதல் தகவல் எதையும் கவிழ்க்காது. கங்கேசரின் உலகத்தில் கவிழ்க்கும். ஆகவே அவரை முதல்வரிசைத் தருக்கத்தின் குறியீடுகளில் பெயர்த்து எழுதிவிட்டால் வேலை முடிந்தது என்று அறுபதுகளில் இருந்த நம்பிக்கை, இந்த இடத்தில் வந்து முட்டிக்கொண்டது.

அந்த நம்பிக்கைக்காரர்களில் நமக்கு நெருக்கமானவர் ஃப்ரிட்ஸ் ஸ்டால். ஆம்ஸ்டர்டாமில் கணிதமும் தருக்கமும் படித்து, எவர்ட் பெத்திடம் பயின்று, ஐம்பதுகளில் சென்னைக்கு வந்து டி.எம்.பி. மகாதேவனிடம் ஆய்வு செய்து முனைவர் பட்டம் வாங்கியவர். நவ்ய நியாயத்தின் நீண்ட கூட்டுச்சொற்களைக் குறியீடுகளாக்கிக் காட்டினார். கெட்டிக்காரத்தனமான வேலை. ஆனால் குறியீடு போட்டதும் எது தவறிப்போகிறது என்பதைச் சொல்ல அந்தக் கூட்டுச்சொல்லுக்குள் வளர்ந்த ஒருவர் பக்கத்தில் வேண்டும்.

தவறிப்போவது எது என்பதற்கு ஓர் இடத்தைக் காட்டுகிறேன். கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், பலன் உண்டு.

வியாப்திக்கு இலக்கணம் சொல்லும்போது கங்கேசர் முதலில் ஐந்து இலக்கணங்களை எடுத்து வைத்து ஐந்தையும் தள்ளுகிறார். வியாப்தி பஞ்சகம் என்று மாணவர்கள் நடுக்கத்தோடு சொல்லும் பகுதி இது. இங்கால்ஸ், மதுராநாதர் என்ற உரைகாரரின் உரையோடு மொழிபெயர்த்ததும் இதைத்தான். முதல் இலக்கணம் பார்வைக்குக் குற்றமற்றது: சாத்தியம் இல்லாத இடத்தில் ஹேதுவும் இல்லாமல் இருப்பது வியாப்தி. தீ இல்லாத குளத்தில் புகையும் இல்லை. நன்றாகத்தானே இருக்கிறது? இப்போது இந்த அனுமானத்தை எடுங்கள்: இது பெயரிட்டுச் சொல்லத்தக்கது, ஏனென்றால் அறியத்தக்கது. நியாயக்காரர் கணக்கில் உலகில் உள்ள எல்லாமே பெயரிடத்தக்கவை. அப்படியானால் ‘பெயரிடத்தக்க தன்மை இல்லாத இடம்’ என்று ஒன்று கிடையாது. இல்லாத இடத்தில் ஹேது இல்லை என்று சொல்வது எப்படி? இலக்கணம் இங்கே பொருந்தாமல் போகிறது, ஆகவே தள்ளு.

கணிதத் தருக்கம் படித்த மாணவர் இங்கே உடனே கையைத் தூக்குவார். அப்படி ஓர் இடமே இல்லையென்றால் கூற்று தானாகவே உண்மை ஆகிவிடுமே, வெற்றுக் கணத்தில் எதைச் சொன்னாலும் உண்மைதானே? அவர் பயிற்சியில் அது சரி. பண்டிதரின் பயிற்சியில், எங்கும் இல்லாத ஒன்றைச் சொல்லும் சொற்றொடர் எதையும் குறிக்கவில்லை. குறிக்காத சொல்லை வைத்து உண்மையும் சொல்ல முடியாது, பொய்யும் சொல்ல முடியாது. இரண்டு பேரும் தவறவில்லை. இரண்டு பேரும் தம் வீட்டு விதி உலக விதி என்று அதுவரை நினைத்திருந்தார்கள்.

கங்கேசர் கடைசியில் வந்து சேரும் இலக்கணம் பார்க்கும் திசையையே மாற்றிவிடுகிறது. சாத்தியம் இல்லாத இடத்தைத் தேடிப் போகாதே; ஹேது இருக்கும் இடத்துக்குப் போ. அங்கே என்னென்ன இன்மைகள் இருக்கின்றன என்று பார். அவற்றில் சாத்தியத்தின் இன்மை சேராமல் இருந்தால் வியாப்தி. ஹேது எங்காவது ஓரிடத்திலாவது இருந்தாக வேண்டும் என்ற உறுதியும் இதில் அடங்கிவிடுகிறது. நவீன மாணவருக்கு இது, எல்லாம் என்ற சொல் ஒன்றாவது உண்டு என்பதை உள்ளடக்குமா என்று அரிஸ்டாட்டில் காலம் தொட்டு நடக்கும் பழைய வழக்கு. பக்கத்தில் பண்டிதர் இல்லாமல் படித்திருந்தால் கங்கேசர் ஏன் சுற்றி வளைக்கிறார் என்று எரிச்சல்பட்டுப் பக்கத்தைத் திருப்பியிருப்பார்.

பண்டிதருக்கும் இதில் வரவு உண்டு. எப்போதும் ஒரே மரபின் கேள்விகளுக்கே விடை சொல்லிப் பழகியவரை, வெளியாள் ஒருவர் குழந்தைத்தனமான கேள்வியால் நிறுத்துகிறார். விடை நூலில் இருக்காது. யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.

உபாதி நூலுக்குப் பின் இருவர் பெயரிலும் இன்னொன்று வந்தது. 2004-இல் நியூயார்க்கில், பிரத்யட்ச கண்டம் முழுவதும் மூலம், மொழிபெயர்ப்பு, விளக்கத்தோடு. பிலிப்ஸ் நிறுத்தவில்லை. தத்துவ சிந்தாமணி முழுமையும் அவர் மொழிபெயர்ப்பில் 2020-இல் மூன்று தொகுதிகளாக வெளியாயிற்று. உபாதி பற்றிய முதல் நூல் வந்து பதினெட்டு ஆண்டு கழித்து. இன்றைய பல்கலைக்கழகங்களில் ஆராய்ச்சித் திட்டம் ஒன்றுக்கு மூன்று ஆண்டு, கூட்டிப்போனால் ஐந்து ஆண்டு கெடு வைக்கிறார்கள். அந்தக் கெடுவுக்குள் ஒரு கண்டம் தாண்டாது.

பிரெஞ்சுக்காரர்கள் வேறு வழியில் வந்தார்கள். புதுச்சேரியில் 1955 முதல் இயங்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பண்டிதர்களைத் தகவல் தருபவர்களாக மட்டும் வைத்துக்கொள்ளாமல் அவர்களுடைய சொந்த நூல்களையே வெளியிட்டது. தாத்தாச்சாரியாரின் ‘சாப்தபோத மீமாம்சை’ என்ற பெருநூல், ஒரு வாக்கியத்தைக் கேட்டவர் மனத்தில் பொருள் எப்படி உருவாகிறது என்று நியாயம், மீமாம்சை, இலக்கணம் ஆகிய மூன்று மரபுகளும் நடத்திய வழக்கைத் திரட்டித் தருவது, அங்கிருந்துதான் பல தொகுதிகளாக வந்தது. சமஸ்கிருதத்திலேயே. மொழிபெயர்த்துத் தந்தால்தான் உலகம் மதிக்கும் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. பிரான்ஸ் அரசு செவாலியே விருது கொடுத்தது. இந்திய அரசு 2016-இல் பத்மபூஷண் கொடுத்தது.

இந்தச் சந்திப்பு நூல்களில் மட்டும் நடக்கவில்லை, மாநாடுகளிலும் நடந்தது. 2009 ஜனவரிக்கு வருவோம். அந்த மாதம் தென்னிந்தியாவில் ஒரு வார இடைவெளியில் இரண்டு மாநாடுகள். முதலாவது சென்னை தரமணியில், கணித அறிவியல் நிறுவனத்தில், தருக்கமும் அதன் பயன்பாடுகளும் பற்றிய மூன்றாவது இந்திய மாநாடு. நடவடிக்கைத் தொகுப்பின் பதிப்பாசிரியர்கள் ஆர். ராமானுஜமும் சுந்தர் சருக்கையும். முன்னவர் கணினித் தருக்க அறிஞர், தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தினருக்கு நன்கு அறிமுகமானவர், பின்னவர் தத்துவக்காரர். அந்த இரட்டையே விஷயத்தைச் சொல்லிவிடும்: 2005-இல் மும்பை ஐஐடியில் தொடங்கிய இந்தக் கூட்டங்கள் முதலிலிருந்தே கணிதம், கணினி, தத்துவம் என்று மூன்று துறையாரையும் ஒரே அறைக்குள் உட்காரவைக்கப் பார்த்தன, இந்தியத் தருக்கத்துக்கும் வாசல் திறந்து வைத்தன. மாநாடு இல்லாத ஆண்டுகளில் மாணவர்களுக்குப் பயிற்சிப் பள்ளி. வெளிநாட்டு ஆசிரியர்களும் வந்து பாடம் நடத்துவார்கள்.

இரண்டாவது, ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில், சமஸ்கிருதக் கணினி மொழியியலின் மூன்றாவது சர்வதேசக் கருத்தரங்கு. 2007-இல் பாரிஸ் அருகே தொடங்கி, அடுத்த ஆண்டு அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகம் போய், மூன்றாம் முறை இந்தியா வந்தது. இங்கே திருப்பதி மறுபடி தலைகாட்டுகிறது. வித்யாபீடத்து இலக்கணப் பேராசிரியர் கே.வி. ராமகிருஷ்ணமாச்சாரியுலு, சாப்தபோத மரபு வாக்கியத்தின் சொற்களுக்கிடையே வகுத்துள்ள உறவுகளைக் கணினிக்கான குறிப்புப் பட்டியலாகத் தொகுத்து அங்கே வைத்தார். எழுவாய், செயப்படுபொருள் என்று நாம் பள்ளியில் நிறுத்திக்கொள்ளும் பட்டியலைவிட அது வெகு நீளம். ஹைதராபாத்தில் சமஸ்கிருத வாக்கியங்களைக் கணினியால் பகுத்தவர்களுக்கு அது கைக்கருவி ஆயிற்று.

இந்த இடத்தில் ஒரு வாட்ஸப் வதந்தியைக் குறுக்கே நிறுத்த வேண்டியிருக்கிறது. கணினிக்கு ஏற்ற மொழி சமஸ்கிருதமே என்று நாசா சொல்லிவிட்டதாக ஒன்று சுற்றுகிறதே, அதன் மூலம் 1985-இல் ரிக் பிரிக்ஸ் என்பவர் ஒரு செயற்கை நுண்ணறிவு இதழில் எழுதிய கட்டுரை. அவர் நாசாவோடு இணைந்த ஆய்வு மையத்தில் இருந்தார் என்பது உண்மை. கட்டுரை சொல்வது வேறு: சாஸ்திரக்காரர்கள் ஒரு வாக்கியத்தை உறவுகளாகப் பிரித்துக் காட்டும் முறை, செயற்கை நுண்ணறிவுக்காரர்கள் அறிவைக் குறிக்கப் பயன்படுத்தும் வலைப்பின்னலை ஒத்திருக்கிறது. பெருமை மொழிக்கு அல்ல, பகுத்துக் காட்டிய உழைப்புக்கு. அந்த உழைப்பைத் தமிழ் வாக்கியத்துக்கும் காட்டலாம், தெலுங்குக்கும் காட்டலாம். வதந்தியைப் பரப்புகிறவர்கள் சாப்தபோதத்தில் ஒரு பக்கம்கூடப் புரட்டாமல் பரப்புவதுதான் வேடிக்கை.

பயிற்சி என்று பார்த்தால் இரண்டு கால அளவுகள் இங்கே மோதுகின்றன. பயிற்சிப் பள்ளி என்பது சில நாட்கள், மிஞ்சினால் இரண்டு வாரம். அதற்குள் முதல்வரிசைத் தருக்கத்தின் நிறைவுத் தேற்றம்வரை ஒரு புத்திசாலி மாணவரைக் கொண்டுபோய்விடலாம், கொண்டுபோகிறார்கள். நியாயப் பாடத்திட்டமோ தர்க்க சங்கிரகம், அதன் தீபிகை, முக்தாவளி, தினகரி என்று ஏறி, கதாதரரின் உரைக்கு வந்து நிற்கச் சில ஆண்டுகள் எடுக்கும். காசிக்குப் போய்வந்ததால் மட்டும் எவனும் அன்னம்பட்டர் ஆகிவிடுவதில்லை என்று பண்டிதர்களிடையே ஒரு பழமொழியே உண்டு. இரண்டு வாரத்துக்கு வந்துபோகும் வெளிநாட்டு மாணவரைப் பார்த்து அதைச் சொல்லிச் சிரிக்கலாம். ஆனால் கோடலின் பெயரைக்கூடக் கேள்விப்படாமல் கதாதரரில் ஆண்டுக்கணக்காக உழலும் மாணவரைப் பார்த்தும் அதே சிரிப்பைச் சிரிக்க வேண்டியிருக்கும். ஒரு மரபுக்கு மற்றதைத் துணைப்பாடமாக, வெள்ளிக்கிழமை மாலைச் சிறப்புரையாக வைத்தால் போதும் என்ற ஏற்பாட்டில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரே பகுதியை இரண்டு பயிற்சியாளர்களும் ஒரே மேசையில் வைத்து வரிவரியாகப் படிக்க வேண்டும். வியாப்தி பஞ்சகம் போதும், ஒரு பருவத்துக்குத் தாங்கும்.

அதற்குத் திருப்பதியைவிட வசதியான ஊர் இந்தியாவில் குறைவு. 2015-இல் ஐஐடியும், அறிவியல் கல்வி ஆராய்ச்சிக்கான ஐசரும் அங்கே தொடங்கப்பட்டு, ஏர்பேடு பக்கம் வளாகம் கட்டிக்கொண்டன. 1954 முதல் வெங்கடேசுவரா பல்கலைக்கழகம் இருக்கிறது. கணம், சார்பு, நிறுவல் என்று படிக்கும் பிள்ளைகளும், அவச்சேதகம், பிரதியோகி என்று படிக்கும் பிள்ளைகளும் ஒரே நகரத்துப் பேருந்து நிலையத்தில்தான் இறங்குகிறார்கள். டெக்சாஸிலிருந்து வர வேண்டியதில்லை.

2009-இல் ஹைதராபாத் கருத்தரங்கை நடத்தியவர்களில் ஒருவரைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. பிரெஞ்சுக்காரர், ஜெரார் ஹுவே. கணித நிறுவல்களைக் கணினியே சரிபார்க்கும் ‘காக்’ என்ற மென்பொருளுக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர், வகைக் கோட்பாட்டுத் தருக்கத்தில் பெரிய பெயர். அவர் ஏன் அதை விட்டுவிட்டு சமஸ்கிருதச் சந்தியைப் பிரிக்க உட்கார்ந்தார் என்பது அடுத்த வாரம்.